ஒன்லைனுக்கு நான் கொடுத்த விலை

என் திரைக்கதைக்கு ஒன்லைன், அதாவது முழுக் கதையையும் சுருக்கிச் சொல்லும் ஒரு வரி, எழுதித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 40,000 ரூபாய் கொடுத்தேன். அதில் பாதி, திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்துச் சேர்த்தது. மீதி, அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கியது. வளையலை மீட்டுவிட்டேன். ஆனால் அந்த வரியால் போன ஒரு வருடத்துக்கும் மேலான காலத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. திரைக்கதையை எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து யாரிடம் போவது, என்ன சொல்வது என்று தெரியாமல் சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் யாராவது ஒருவருக்கு இது உதவும் என்று நம்பித்தான் எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் ஒரு மேஜை, அதுதான் அவருடைய உலகம். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி சண்டை, செத்துப்போனவர் வந்து கையெழுத்துப் போட்ட கிரயப் பத்திரம், ஆள் மாறாட்டம் என்று காதில் விழுந்த கதைகளுக்குக் கணக்கே இல்லை. அதிலிருந்துதான் என் திரைக்கதை பிறந்தது. ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதிய ஒருவருடைய சொந்த வீட்டையே யாரோ போலிப் பத்திரம் போட்டு விற்றுவிடுகிறார்கள். நூற்றுமுப்பது பக்கத்துக்கு எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, வடபழனியில் ஒரு பெண்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தேன். சாப்பாட்டோடு மாதம் 7,500 ரூபாய்.

கோடம்பாக்கத்தில் கதை சொல்வது என்றால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து காட்சி காட்சியாகச் சொல்வது என்றுதான் ஊரில் இருந்தவரை கேள்விப்பட்டிருந்தேன். ஒருவரையொருவர் அறிந்த உதவி இயக்குநர்களுக்கு அது சரி. யாருடைய சிபாரிசும் இல்லாமல் வருகிறவருக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைப்பதற்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது. அங்கே மேனேஜர் உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் ஒரு இணை இயக்குநர். இப்போது நிறுவனங்களில் கதை கேட்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் மெயிலில் கேட்பது லாக்லைன், அதாவது இதே ஒரு வரி, அப்புறம் ஒரு பக்கக் கதைச்சுருக்கம். திரைக்கதைப் பட்டறைகளுக்கு விண்ணப்பித்தாலும் முதல் கட்டத்தில் நிரப்ப வேண்டியது இதைத்தான்.

நான் முதன்முதலில் போன அலுவலகத்தில், இரண்டு போனையும் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த மேனேஜர், "ஒரே வரியில சொல்லும்மா" என்றார். "சார், திண்டுக்கல் பக்கத்துல ஒரு பத்திர எழுத்தர் இருக்காரு. அவருக்கு ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ..." என்று ஆரம்பித்தேன். "குடும்பக் கதையா?" என்றார். "இல்ல சார், கொஞ்சம் த்ரில்லர் மாதிரி..." அதற்குள் ஒரு போன் அதிர ஆரம்பித்தது. "சரிம்மா, மெயில் போடுங்க" என்று அதை எடுத்துக்கொண்டார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, இத்தனை வருடம் மனதில் சுமந்த கதையைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லையே என்று தொண்டை அடைத்தது. இதில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படவேலை நடக்கும் இடங்களில் காட்சிகளை வரிசைப்படுத்திய பட்டியலையும் ஒன்லைன் என்பார்கள். யாராவது "ஒன்லைன் அனுப்புங்க" என்றால், ஒரு வாக்கியமா, காட்சி வரிசையா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

அந்த ஆலோசகர் அறிமுகமானது இந்தச் சமயத்தில்தான். திரைக்கதை ஆலோசனை, தயாரிப்பாளர் தொடர்பு என்று அட்டை வைத்திருந்தார். முதல் சந்திப்பில் கதையைக் கேட்கவே இல்லை. எந்தெந்தப் பெரிய மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று சொன்னார். "ஒன்லைன் பலமா இருந்தா போதும் மேடம், மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார். முதலில் பாதி, வரி தயாரானதும் மீதி என்று பேச்சு. பல வாரம் கழித்து வாட்ஸாப்பில் வந்த வரி இது: "பாசம், துரோகம், பழி. இவற்றின் நடுவில் சிக்கிய ஒரு சாமானியனின் அதிரடி ஆட்டம். வென்றானா, வீழ்ந்தானா?"

படித்ததும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத்தான் சினிமா தெரியவில்லையோ என்று நினைத்து மீதிப் பணத்தையும் அனுப்பினேன். அதை எத்தனை நிறுவனங்களுக்கு அனுப்பியிருப்பேன்! பெரும்பாலும் பதிலே வராது. வந்த ஒரே உருப்படியான பதில், "உணர்ச்சி இருக்கு, கதை என்னன்னு தெரியலையே" என்பது. அதற்குப் பிறகு ஆலோசகர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். இப்படி ஒருவரிடம் பணம் கொடுக்கும் நிலை வந்தால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். முழுத் திரைக்கதையையும் படித்துவிட்டுப் பேசுகிறாரா? கதையைப் பற்றி உங்களிடம் கேள்வி கேட்கிறாரா? இரண்டும் இல்லாமல் தொடர்புகளைப் பற்றியே பேசுகிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தயாரிப்பாளரை அறிமுகப்படுத்துகிறேன் என்று எழுத்தாளரிடமே காசு கேட்பது தொழில் முறையே கிடையாது. கதைக்குப் பணம் வர வேண்டிய திசை அங்கிருந்து நம் பக்கம்.

அந்த வரியில் என்ன கோளாறு என்று புரிய எனக்கு நாளானது. அதைச் சுவரொட்டியில் போடலாம். படம் எடுத்து முடித்த பிறகு ஆளை அரங்குக்கு இழுக்கிற வாசகம் அது. அதில் என் பத்திர எழுத்தர் இல்லை, வீடு இல்லை, சார்பதிவாளர் அலுவலகம் இல்லை. "வென்றானா, வீழ்ந்தானா" என்று கேட்டால், யார், எதில் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். நான் தனியாக எழுதிப் பார்த்த வரிகளும் வேறு விதத்தில் காலியாகத்தான் இருந்தன. "மண்ணை நேசித்த ஒரு பத்திர எழுத்தரின் உணர்ச்சிப் போராட்டம்" என்று ஒரு வரி. அது கதையைப் பற்றிய என் அபிப்பிராயம், கதை அதில் இல்லை. அடுத்தது கொஞ்சம் தேறியது: "போலிப் பத்திரத்தால் வீட்டை இழந்த பத்திர எழுத்தர் ஒருவர் அதை மீட்கப் போராடுகிறார்." இதில் ஆள் இருக்கிறார், வேலை இருக்கிறது, ஒரு முரணும் இருக்கிறது. ஆனாலும் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

விடுதியில் என் அறையில் இருந்தவள் ஒரு செவிலியர், தேனிப் பக்கத்துப் பெண். இரவுப் பணிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவளிடம் இந்த வரியைச் சொன்னேன். சீப்பை நிறுத்தாமலே கேட்டாள்: "அவரே பத்திரம் எழுதுறவர்தானேக்கா? நேரா கேஸ் போட வேண்டியதுதானே?"

"போட முடியாது. முப்பது வருசத்துக்கு முன்னாடி அந்த வீட்டுக்குத் தாய்ப்பத்திரத்தையே போலியா எழுதினது அவருதான். கேஸ் போட்டா அது வெளிய வந்துரும்" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "இதை ஏன்க்கா முதல்லயே சொல்லல?"

ஏன் சொல்லவில்லை என்றால், அதுதான் என் இடைவேளைத் திருப்பம். ஆலோசகரும் "ட்விஸ்டை வெளியே விட்டுடாதீங்க, சுட்டுடுவாங்க" என்று எச்சரித்திருந்தார். அதனால் கதையை ஓட வைக்கிற விஷயத்தையே ஒளித்து வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று இரவு உட்கார்ந்து எழுதியது இது: "போலிப் பத்திரத்தால் தன் வீட்டை இழக்கும் ஒரு பத்திர எழுத்தர் அதை மீட்டாக வேண்டும். ஆனால் வழக்குப் போட்டால், முப்பது வருடத்துக்கு முன் அதே வீட்டுக்கு அவர் எழுதிய போலித் தாய்ப்பத்திரமும் வெளியே வரும்." எழுதி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. இந்த வரிதான் கதை என்றால், கையில் இருக்கும் திரைக்கதையில் முதல் ஒரு மணி நேரம் அவர் எதற்காக அலைகிறார்? அந்த நேரமெல்லாம் குடும்பம், ஊர், கல்யாணப் பேச்சு என்று ஓடிக்கொண்டிருந்தது. உண்மையான நெருக்கடி இடைவேளையில்தான் ஆரம்பித்தது.

அதன் பிறகு திரைக்கதையைப் பிரித்து மறுபடி எழுதினேன். பழைய போலிப் பத்திரத்தை இருபதாவது நிமிடத்துக்குள் கொண்டுவந்தேன். அவருக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும், அவர் குடும்பத்துக்குத் தெரியாது என்று ஆனதும், சாதாரணமாக இருந்த வீட்டுக் காட்சிகள்கூட இறுகிவிட்டன. மகள் "ஏன்ப்பா போலீஸுக்குப் போகல?" என்று கேட்கிற காட்சி முன்பும் இருந்தது, முன்பு அது வெறும் வசனம். இந்த வேலை பல மாதம் பிடித்தது. ஆகவே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன்: இந்த ஒரு வரியை, முதல் காட்சி எழுதுவதற்கு முன்பே எழுதுங்கள். திரைக்கதையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் இந்த வரி எழுத வராமல் நிற்கும். நூற்றுமுப்பது பக்கத்துக்குப் பிறகு அதைக் கண்டுபிடிப்பது பெரிய வலி.

வரிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்கு நின்றது அப்பாவின் மேஜையில் பார்த்த ஒன்றுதான். எந்தக் கிரயப் பத்திரத்திலும் சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதுவார்கள். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால், வடக்கே பாதை, தெற்கே இன்னார் வீடு, இதன் மத்தியில் உள்ள மனை. மண்ணின் நிறம், மரங்களின் அழகு எதுவும் அதில் வராது. ஆனால் ஊர் தெரியாதவர்கூடப் போய் அந்த இடத்தில் நிற்கலாம். கதைக்கும் நான்கெல்லை உண்டு: ஆள் யார், அவருக்கு என்ன வேண்டும், எது மறிக்கிறது, கிடைக்காவிட்டால் எது போகும். இதில் எது விட்டுப்போனாலும் கேட்பவர் வேறு ஏதோ ஒரு கதையில் போய் நிற்பார். என்னுடைய பழைய வரியில் முதல் இரண்டும் இருந்தன. மற்ற இரண்டும் இடைவேளையில் பதுங்கிக் கிடந்தன.

நான்கும் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஆளுக்கும் அந்த வேலைக்கும் நடுவில் ஒரு முரண் வேண்டும். 1999-இல் வந்த 'முதல்வன்' படத்தை நினைத்துப் பாருங்கள். முதலமைச்சரைப் பேட்டி எடுத்துக் கேள்வி கேட்கிற தொலைக்காட்சி நிருபருக்கு அதே நாற்காலியில் ஒரு நாள் உட்கார நேர்கிறது. இதைச் சொன்னாலே அடுத்து வரும் பத்துக் காட்சிகளை நாமே யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். 2013-இல் மலையாளத்தில் வந்த 'த்ரிஷ்யம்' இன்னும் நல்ல பாடம். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு கேபிள் டிவிக்காரர், போலீஸ் உயரதிகாரியின் மகன் இறந்த வழக்கிலிருந்து தன் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். கையில் இருப்பது சினிமா பார்த்துச் சேர்த்த அறிவு மட்டும். தமிழில் 'பாபநாசம்' ஆனது. தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், சீனம் வரை போனது. ஊர் மாறியது, பெயர் மாறியது, சாப்பாடு மாறியது. இந்த வரி மாறவில்லை. உங்களுக்குப் பிடித்த படங்களை எடுத்து இப்படி வரி எழுதிப் பழகுங்கள். நான் விடுதி மொட்டைமாடியில் தினமும் செய்த பயிற்சி இதுதான், காசு செலவில்லாதது.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கிற வாய்ப்பாடுகள் எல்லாம் ஆங்கில வாக்கியத்துக்குச் செய்தவை. அதை அப்படியே தமிழில் போட்டால், "இழந்த", "எழுதிய", "மறைத்த" என்று எச்சங்கள் வரிசையாகக் கோத்துக்கொண்டு, வினைமுற்று வருவதற்குள் கேட்பவர் மூச்சு முட்டிப்போகிறார். தமிழில் வாக்கியத்தின் கனம் கடைசியில்தான் விழும். அதனால் முரணைக் கடைசிக்கு வையுங்கள். ஒரே வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காமல், இரண்டு சிறிய வாக்கியமாக உடைத்து நடுவில் ஒரு "ஆனால்" போடுங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை என்றால் அதில் எங்கோ ஒரு எச்சம் அதிகம். ஆங்கிலத்தில் முப்பது சொல்லுக்குள் என்பார்கள். நம் சொற்கள் ஒட்டி நீள்வதால் இருபது, இருபத்தைந்திலேயே முடிந்துவிடும்.

பாத்திரத்தின் பெயர் வரியில் வேண்டாம். 'முருகேசன்' என்றால் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது, 'பத்திர எழுத்தர்' என்றால் ஒரு மேஜையே கண்முன் வரும். 'சாமானியன்', 'இளைஞன்' என்பவையும் அப்படித்தான், முகமே இல்லாத சொற்கள். இரண்டு ஹிட் படங்களைச் சேர்த்து "அதுவும் இதுவும் கலந்த மாதிரி" என்று எழுதுவதை நான் விட்டுவிட்டேன், கேட்பவர் உங்கள் கதையை விட்டுவிட்டு அந்தப் படங்களைப் பற்றி யோசிக்கிறார். காலக்கெடு கட்டாயம் வேண்டும் என்று படித்துவிட்டு, நானும் "மகளின் கல்யாணத்துக்குள்" என்று ஒன்றை நுழைத்துப் பார்த்தேன். வரி விறுவிறுப்பானது போலத் தெரிந்தது. ஆனால் கதைக்குள் அந்தக் கல்யாணம் எதையும் முடிவு செய்யவில்லை. திரைக்கதையில் இல்லாததை வரியில் வைத்தால், அடுத்த சந்திப்பில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். எடுத்துவிட்டேன். முடிவையும் வரியில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கச் சுருக்கத்தில் மட்டும் முடிவை ஒளிக்காமல் எழுதுங்கள், படிப்பவர் தீர்மானம் எடுக்க அது தேவை.

வரியைச் சோதித்துப் பார்க்க சினிமாக்காரர்கள் தேவையில்லை, சொல்லப்போனால் அவர்கள் வேண்டாம். செவிலியர், விடுதிச் சமையல்கார அக்கா, ஊரில் சித்தப்பா என்று சினிமாவில் ஆசை இல்லாதவர்களிடம் சொல்லுங்கள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு, முதலில் என்ன கேள்வி வருகிறது என்று கவனியுங்கள். "ஏன் அப்படிச் செய்யவில்லை?" என்று கேட்டால், அதற்கான பதில் வரிக்குள் போக வேண்டும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் வரி வேலை செய்கிறது. இரண்டு நாள் கழித்து அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சமையல்கார அக்கா என் வரியை, "தன் வூட்டுக்கே கள்ளப் பத்திரம் எழுதினவன் மாட்டிக்கிட்ட கதைதானே?" என்று திருப்பிச் சொன்னார். அவர் மறந்துபோன சொற்களையெல்லாம் நானும் நீக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தேவைப்படவில்லை.

இனி, சுட்டுவிடுவார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான், ஆனால் அதற்கு மருந்து வரியை ஒளிப்பதில் இல்லை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் (1957) கருவைப் பாதுகாப்பதில்லை. அதை நீங்கள் எழுதிய விதத்தைத்தான் பாதுகாக்கிறது. தன் நாடகத்தைப் படமாகச் சுட்டுவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் போட்ட வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அப்படியென்றால் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு அலைகிறவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. முழுத் திரைக்கதையும் எழுதி வைத்திருப்பவருக்குக் கையில் ஆதாரம் உண்டு. எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் தகராறு வந்தால் பதிவு துணை நிற்கும். பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே இலக்கியப் படைப்பாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் உங்கள் விண்ணப்பத்துக்கான நாட்குறிப்பு எண் (டைரி நம்பர்) வரும், ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, அதன் பிறகுதான் பரிசீலனை. உறுப்பினராக இருந்தால் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும் கதையைப் பதிந்து வைக்கலாம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்த அன்றே, "இன்று சொன்ன கதையின் சுருக்கம் இணைப்பில்" என்று மரியாதையாக ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு இருக்கும். யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

புதிய வரியை அனுப்ப ஆரம்பித்த பிறகும் நிராகரிப்பு வந்தது, ஆனால் வேறு மாதிரி வந்தது. "இந்த பட்ஜெட்டுக்குச் சரிவராது", "வயதான கதாநாயகன், நடிகர் கிடைப்பது கஷ்டம்" என்றார்கள். கதை என்னவென்று தெரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நிறுவனத்தில் முழுத் திரைக்கதையையும் கேட்டு வாங்கிப் படித்து, இரண்டாவது சந்திப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை. இதற்கிடையில் அடுத்த கதைக்கு வரி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆளும் ஆசையும் பிடிபட்டுவிட்டன, எது மறிக்கிறது என்பது இன்னும் சரியாக அமையவில்லை. அது அமையும் வரை முதல் காட்சியை எழுதப்போவதில்லை.